மூன்றேகால் கிலோவைத் தோளில் தொங்கவிடுவது எப்படி

எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில்தான் முதன்முதலில் என் கேமராவை நிறுத்துப் பார்த்தேன். நிக்கான் டி850, அதில் 200-500 எம்.எம். லென்ஸ். தராசு 3 கிலோ 300 கிராமைத் தாண்டிக் காட்டியது. கடைக்கார அம்மா, "இதையா மக்ளே நாள் பூரா கழுத்துல தூக்குத?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எனக்கே நாலு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கேமராவைத் தொங்கவிட நல்ல ஸ்ட்ராப், அதாவது பட்டை, தேடுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எடையை நிறுத்துப் பாருங்கள். மனக்கணக்கு உதவாது. பேட்டரி, கார்டு, லென்ஸ் ஹூட், டிரைபாட் காலர் (பெரிய லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையம், முக்காலியில் மாட்ட அதில் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கும்), அடியில் மாட்டிய தகடு எல்லாம் சேர்த்து நிறுக்க வேண்டும். டி850 கேமரா, பேட்டரியும் கார்டும் உட்பட, 1,005 கிராம். 200-500 லென்ஸ் காலருடன் 2,300 கிராம். கல்யாண வேலைக்குப் போகும்போது என்னிடம் இரண்டு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, இருக்கும். ஒன்றில் 70-200 எஃப் 2.8, இன்னொன்றில் 24-70. இரண்டும் சேர்ந்தால் 4 கிலோ 300 கிராமுக்கு மேலே. ஒரு கிலோவுக்கு ஏற்ற ஸ்ட்ராப் வேறு, மூன்று கிலோவுக்கு ஏற்றது வேறு, இரண்டு கேமராவுக்கு ஏற்றது முற்றிலும் வேறு. எடை தெரியாமல் கடைக்குப் போனால் பார்க்க அழகாக இருப்பதைத்தான் வாங்கி வருவோம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். பதினாலு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பறவை பார்க்கத் தேரூர்க் குளத்துக்கோ புத்தளம் உப்பளத்துக்கோ போய்விடுவேன். என் தாத்தா பனையேறி. காலில் திளாப்பு, இடுப்பில் அரிவாள்பெட்டி. பாளை சீவும் அரிவாளும் மற்ற சாமானும் அந்தப் பெட்டிக்குள், இடுப்பு எலும்பை ஒட்டி இருக்கும். கழுத்தில் எதையும் தொங்கவிட்டு அவர் மரம் ஏறி நான் பார்த்ததில்லை. ஏறும் முன்னால் கால்களைப் பிணைக்கும் அந்தத் திளாப்பை இரண்டு கையாலும் விரித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். தினமும் இழுப்பார். நேற்று ஏறினது தானே என்று ஒருநாளும் விட்டதில்லை. சுமை இடுப்பில் இருக்க வேண்டும், பிடிப்பை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்ற இரண்டையும் நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் புரிய நாளானது.

கேமரா பெட்டிக்குள்ளேயே வரும் கழுத்துப் பட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன லென்ஸுக்கு அது போதும். பெரிய லென்ஸுக்கு வேண்டாம். நம் தலையே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதைச் சுமக்கும் கழுத்துத் தசை, முன்பக்கம் இன்னொரு மூன்று கிலோ தொங்கினால் அதற்கும் சேர்த்து நாள் முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆவணியில் வரிசையாக முகூர்த்தம் இருந்த ஒரு வருஷம், எனக்குச் சாயங்காலமானால் பிடரி வலியும் வலதுகை விரல்களில் மரமரப்பும் வந்தன. கையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். பிசியோதெரபிஸ்ட்தான் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இங்கிருந்து வருகிறது என்றார். விரல் மரத்துப்போகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஸ்ட்ராப்பை அப்புறம் மாற்றலாம்.

சரி, கழுத்து இல்லையென்றால் வேறு எங்கே? பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, உடம்புக்குக் குறுக்கே போடும் பட்டை. இடது தோளில் ஏறி வலது இடுப்பில் இறங்கும். இதில் தோளில் இருக்கும் மெத்தைப் பகுதி நகராமல் நிற்க வேண்டும். கேமரா மட்டும் நாடாவில் வழுக்கி மேலே கண்ணுக்கு வர வேண்டும். படம் எடுக்கத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மெத்தையும் கூடவே முன்னால் வந்துவிடுகிறது என்றால், அந்தப் பட்டை உங்கள் தோளுக்குச் சேரவில்லை. மெத்தையின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் நகராது. மேல்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று ஏழு, எட்டுக்குப் போனால் உள்விளிம்பு கழுத்தோரத்தில் அறுக்கும், முக்கியமாகத் தோள் சரிவாக இருப்பவர்களுக்கு. மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு சுகம் என்பதும் சரியில்லை. நியோபிரீன் பட்டை ரப்பர் மாதிரி இழுபடும். கடையில் மாட்டும்போது எடையே தெரியாது. நடக்க ஆரம்பித்தால் மூன்று கிலோ ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் குதிக்கும். அரை மணி நேரத்தில் தோள் சலித்துவிடும். கொஞ்சம் விறைப்பான மெத்தையே எனக்குப் பிடிக்கும்.

நீளம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கேமராவைத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள். கையைத் தளர்வாகக் கீழே விடுங்கள். தேடாமல் குனியாமல் கை போய்க் கிரிப்பில் பட வேண்டும். கேமரா இடுப்பு எலும்புக்குச் சற்று பின்னால் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் படியேறும்போது லென்ஸ் தொடையில் அடிக்கும். சிதறால் மலைப்பாதையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அதற்கு மேலே ஏறினால் விலா எலும்பில் முட்டும்.

பெண்களுக்கு இன்னும் சில விஷயங்கள் உண்டு, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நேராக வெட்டிய பட்டை மார்பின் மேல் அழுந்தும், இல்லையென்றால் கழுத்துப் பக்கம் ஒதுங்கி உரசும். தோளின் வளைவுக்கு ஏற்ப வளைத்து வெட்டிய மெத்தை கிடைக்கிறது, அதைப் பாருங்கள். சேலையோ ஷாலோ பின் குத்தியிருக்கும் தோளில் பட்டையைப் போடாதீர்கள். மூன்று கிலோவின் கீழே ஊக்கு இருந்தால் சதையில் தடம் பதிந்துவிடும். நான் வேலை நாளில் ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுவேன். இல்லாவிட்டால் நாடா வழுக்கும்போது துணியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவசரத்தில் கேமரா பாதி வழியில் நின்றுவிடும்.

சுகத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பத்திரம் என்பது பட்டையின் முனையில் இருக்கிறது, அங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

குளச்சல் பக்கம் ஒரு சர்ச்சில் கல்யாணம். ஆன்லைனில் வாங்கிய குறுக்குப் பட்டை, மூன்று வாரப் பழக்கம். லென்ஸின் அடியில் டிரைபாட் மாட்டும் துளையில் ஒரு திருகு, அந்தத் திருகின் தலையில் வளையம், வளையத்தில் கொக்கி. பொண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வருவதைப் பிடிக்க நான் பின்னால் நகர்ந்து படி இறங்கினேன். திடீரென்று தோள் இலேசானது. கேமரா இரண்டு படி தாண்டிக் கருங்கல்லில் விழுந்தது. லென்ஸ் பொருந்தும் வளையம் கோணிவிட்டது. பழுது பார்க்க அந்தக் கல்யாணத்தின் கூலி முழுவதும் போனது. அதைவிட, அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வந்தவள் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பிய முகம்தான் இன்றும் எனக்கு வருத்தம். அந்த ஒரு நிமிஷத்துப் படம் அவர்களுக்கு இல்லாமலே போனது.

பட்டை அறுந்ததா? இல்லை. கொக்கி உடைந்ததா? இல்லை. திருகு கழன்றுவிட்டது. ஏன் என்று அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். டிரைபாட் திருகு கால் அங்குலத் தடிமன், ஒரு அங்குலத்துக்கு 20 மரை. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். கேமராத் துளையில் திருகு இறங்கும் ஆழம் நாலரை, ஐந்து மில்லிமீட்டர். மொத்தமே மூன்றரை, நாலு சுற்று! நடக்கும்போது கேமரா ஊசலாடித் திரும்புகிறது, ஒவ்வொரு ஆட்டமும் திருகை ஒரு துளி திருப்புகிறது. அதைத் தடுப்பது நடுவில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வாஷரின் உராய்வு மட்டும்தான். ரப்பர் காய்ந்தாலோ எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலோ அதுவும் இல்லை.

அதனால் திருகு முறைப் பட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, வளையம் திருகின் தலையில் தன்போக்கில் சுழல வேண்டும். வளையத்தோடு திருகும் சேர்ந்து சுற்றினால் அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். இரண்டு, வெறும் திருகைவிட, ஆர்க்கா தகடு (டிரைபாட் தலையில் பொருந்தும் உலோகத் தகடு) மாட்டி அந்தத் தகட்டின் வளையத்தில் பட்டையைக் கோப்பது நல்லது. தகட்டைச் சாவி போட்டு இறுக்கலாம், லென்ஸ் காலில் நீளவாக்கில் படிந்து உட்காருவதால் அது எளிதில் திரும்பாது. மூன்றாவதுதான் முக்கியம். திருகை மட்டும் நம்பக் கூடாது, இன்னொரு பிடி வேண்டும். கேமரா பாடியின் பக்கத்தில் பட்டை கோக்க இருக்கும் துளையிலிருந்து, அதைக் கண் என்போம், ஒரு சின்னக் கயிறு, பட்டையின் நாடாவுக்கே போய்ச் சேர வேண்டும். திருகு கழன்றால் கேமரா ஒரு சாண் இறங்கித் தொங்கும், கீழே விழாது. அந்தச் சின்னக் கயிறு அன்று இருந்திருந்தால் நான் இதை எழுதும் விதமே வேறாக இருந்திருக்கும்.

எந்த இடத்தில் மாட்டுவது என்பதும் இதோடு சேர்ந்தது. லென்ஸுக்கு டிரைபாட் காலர் இருக்கிறதா? அப்படியானால் பட்டையும் அந்தக் காலரின் காலில்தான் மாட்ட வேண்டும், பாடியின் அடியில் அல்ல. 2,300 கிராம் லென்ஸை 1,005 கிராம் பாடி பிடித்துத் தொங்கினால், நடக்கும்போதெல்லாம் இரண்டும் சேரும் வளையத்தில் நெம்புகோல் போலச் சுமை விழும். காலர் கிட்டத்தட்ட எடை சமப்படும் இடத்தில் இருக்கிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும். காலரின் திருகுப்பிடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சில லென்ஸ்களில் அந்தக் காலே தனியாகக் கழன்று வரும்படி செய்திருப்பார்கள், அங்கேயும் ஒரு பூட்டு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். 24-70 மாதிரி காலர் இல்லாத லென்ஸ் என்றால் பாடியில் மாட்டுவதுதான் வழி, அந்த எடைக்கு அதில் தவறில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு: ஒரு முனை லென்ஸ் காலில், மறுமுனை பாடியின் இடது கண்ணில். இரண்டும் வெவ்வேறு விதமான பிடி. ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்.

பாடியின் கண்ணில் கோக்கும் முறைகளில் எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ளது, மெல்லிய கயிறும் வட்டப் பொத்தானும் கொண்ட வகை. பீக் டிசைன் நிறுவனம் அதைத் தன் பட்டைகளுடன் தருகிறது, 90 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. பட்டையை ஒரு அமுக்கில் கழற்றி மாட்டலாம். கயிறு தேய்ந்து மேலுறைக்கு அடியில் வேறு நிறம் தெரிய ஆரம்பித்தால் அன்றே மாற்ற வேண்டும். கேமராவின் கண்ணில் கூர்மையான விளிம்போ, முக்கோணக் கம்பி வளையமோ இருந்தால் இந்தக் கயிறு அதில் உரசித் தேயும், அடிக்கடி பாருங்கள். சாவிக்கொத்து வளையம் போன்ற இரட்டைச் சுற்று வளையத்தை மூன்று கிலோவுக்கு நம்பாதீர்கள், அது மெதுவாக விரியும்.

பழைய முறைப்படி நாடாவைக் கண்ணில் நுழைத்துப் பூட்டுவதும் நல்ல முறைதான், ஒழுங்காக நுழைத்தால். நாடா வெளியிலிருந்து கண்ணுக்குள் போய், சின்னத் தடுப்பு வளையத்தைத் தாண்டி, பக்கிளில் ஏறி இறங்கி, நுனி உட்பக்கமாகப் பட்டைக்கும் நாடாவுக்கும் நடுவில் அடங்க வேண்டும். நுனி ஐந்து சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். கல்யாண வீட்டில் மற்ற தம்பிகளின் கேமராவைப் பார்ப்பேன், பாதிப் பேருக்கு நுனி வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு இருக்கும். வேலைக்கு நடுவிலேயே பிடித்து நிறுத்திக் கோத்துக் கொடுத்துவிடுவேன்.

உலோகத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்பட வேண்டும். கடற்காற்று நமக்கு விலக முடியாதது. விலை குறைந்த பட்டைகளில் வரும் பளபளப்பான கொக்கி பெரும்பாலும் ஜிங்க் வார்ப்பு. அது வளைந்து எச்சரிக்கை தராது, ஒருநாள் சட்டென்று உடையும். காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டினால் இரும்பு, துருப்பிடிக்கும் என்று கொள்ளலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் ஸ்டெயின்லெஸ் என்று முடிவு கட்டக் கூடாது, ஜிங்க்கிலும் காந்தம் ஒட்டாது. குளச்சலில் போட் சாமான் விற்கும் கடையில் போய் 316 வகை ஸ்டெயின்லெஸ் வளையம் கேளுங்கள். உப்புத் தண்ணீருக்கு ஏற்றது அது. கையில் வாங்கிப் பார்த்தாலே எடையிலும் நேர்த்தியிலும் வித்தியாசம் தெரியும். பழைய கொக்கியைத் தூக்கிவிட்டு அந்த வளையத்தை வைத்து என் பட்டையைத் தைத்துத் தந்தவர், நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் பை தைக்கும் ஒரு அண்ணன். "நாலு மூலைக்கும் பெட்டி போட்டு நடுவுல குறுக்குத் தையல் போடணும் மக்ளே, ஒத்தைத் தையல் நிக்காது" என்றார். கடையில் பட்டை வாங்கும்போது இன்றும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டித் தையல் இருக்கிறதா என்பதைத்தான்.

நாடா நைலானா பாலியஸ்டரா என்று லேபிளில் பாருங்கள். நைலான் தண்ணீர் குடித்து இழுபடும். பாலியஸ்டர் அவ்வளவு இழுபடாது, வெயிலையும் அதிகம் தாங்கும். கார் சீட் பெல்ட் பாலியஸ்டர்தான். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, இடையில் வேர்வை. அதனால் பாலியஸ்டர் என்பது என் தேர்வு. தோல் பட்டை பார்க்க அழகு, தோளில் படியவும் படியும். ஆனால் இரண்டு மழைக்காலமும் அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் அதைக் காப்பாற்ற உங்களுக்கு நேரம் வேண்டும். எனக்கு இல்லை, கொடுத்துவிட்டேன். உப்பளத்துக்குப் போய் வந்தால் எந்தப் பட்டையானாலும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தோளிலும் ஏறும் இரட்டைப் பட்டை வேண்டும். முதுகில் இரண்டும் சேரும் இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் நிற்க வேண்டும், மேலே ஏறிப் பிடரியில் உட்கார்ந்தால் மறுபடியும் கழுத்துதான் சுமக்கும். இடுப்பு பெல்ட்டில் கேமராவை மாட்டும் வகையும் இருக்கிறது, தாத்தாவின் அரிவாள்பெட்டியைப் போல. தோளுக்கு இதைவிட ஓய்வு கிடையாது. ஆனால் பந்திப் படம் எடுக்கும்போது வேண்டாம். இலை வரிசைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நகரும்போது இடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ் சாப்பிடுகிறவர்கள் தலையில் இடிக்கும். பந்திக்கு நான் ஒரு பாடியும் 24-70-உம் மட்டும் எடுத்து, பட்டையைச் சுருக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொள்வேன்.

இடத்துக்கு இடம் பட்டையைப் போடும் விதமும் மாறும். மாத்தூர்த் தொட்டிப் பாலத்தில் 115 அடி உயரத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலே கேமராவை நீட்டுகிறீர்கள் என்றால் பட்டை உடம்புக்குக் குறுக்கே கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு தோளில் சும்மா தொங்கக் கூடாது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா மாதிரிக் கூட்டத்தில், ஒரே அமுக்கில் திறக்கும் பக்கிளை நம்பாதீர்கள், இரண்டு அசைவில் திறப்பது வேண்டும். படகில் இதற்கு நேர்மாறு. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். ஜாக்கெட்டை முதலில் போட்டு இறுக்குங்கள், பட்டை அதற்கு மேலேதான் வர வேண்டும், அதுவும் ஒரு தோளில் மட்டும். வள்ளத்தில் போகும்போதும் அப்படித்தான். தண்ணீரில் விழுந்தால் மூன்று கிலோவை ஒரு கையால் உதறிவிட முடிய வேண்டும். லென்ஸ் போனால் போகட்டும். பைக்கில் போகும்போது கேமரா எந்தப் பட்டையிலும் தொங்கவே கூடாது, பைக்குள் போய்விட வேண்டும்.

வாங்கும்போது சோதிப்பதற்கு வருகிறேன். கடை என்றால் உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடங்கள், குனியுங்கள், உட்காருங்கள். அதற்கு இடம் தராத கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வந்தது என்றால், முதலில் கேமராவை மாட்டாதீர்கள். துணிப்பையில் மூன்றரைக் கிலோ அரிசியைக் கட்டி, அதைப் பட்டையில் தொங்கவிட்டுக் கட்டிலுக்கு மேலே நின்று நாலு முறை உதறிப் பாருங்கள். ஒரு இரவு முழுக்க ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் பிரிந்திருக்கிறதா, பக்கிள் வழுக்கி நாடா இறங்கியிருக்கிறதா என்று பேனாவில் இட்ட கோட்டை வைத்துப் பார்க்கலாம். அப்புறம் அந்த அரிசியையே தோளில் போட்டு முக்கால் மணி நேரம் வீட்டு வேலை செய்யுங்கள். முதல் பத்து நிமிஷத்தில் எல்லாப் பட்டையும் சுகம்தான். முக்கால் மணிக்குப் பிறகு தோளில் சிவப்புத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். கழுத்தோரத்தில் விழுந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தேரூர்க் கரையில் ஒரு நீளவால் இலைக்கோழிக்காக இரண்டு மணி நேரம் நிற்கும்போது, கேமரா தோளில் இருக்கிறது என்ற நினைப்பே வரக் கூடாது. இப்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் திருகை விரலால் ஒருமுறை இறுக்கி, காலரைத் தொட்டு, இரண்டு முனையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்காமல் வாசல் தாண்டுவதில்லை. அரை நிமிஷம்கூட ஆகாது.

நாடா விளிம்பில் நூல் பிரிந்தாலோ, பெட்டித் தையலில் ஒரு கண்ணி போனாலோ, பிளாஸ்டிக் பக்கிளில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ அந்தப் பட்டையை மாற்றிவிடுங்கள். மாற்றியதைச் சின்ன கேமராவுக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள், புதிதாக வேலை பழகும் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். தாத்தா தேய்ந்த திளாப்பை வேறு யாரும் எடுத்து மரம் ஏறிவிடாதபடி அடுப்பில் போட்டுவிடுவார். நான் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறேன்.